தலைமையில் பழுது எங்கே? அறிகுறி பார்த்துக் கண்டறியும் வழிமுறை

தோட்டப்புற நகரங்களில் தலைமைப் பொறுப்பு என்பது பெரும்பாலும் சம்பளமில்லாத பொறுப்பு. மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற ஓர் ஊரில் பகலில் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராகவோ, செம்பனைத் தோட்டத்தில் தொழிலாளர்களை மேற்பார்க்கும் மண்டோராகவோ, பள்ளியில் ஆசிரியராகவோ இருப்பவரே மாலையில் மாரியம்மன் ஆலயச் செயலவையின் தலைவராக இருப்பார். அல்லது தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தை நடத்துவார். சில வேளைகளில் இரண்டையும் சேர்த்தே சுமப்பார். அத்தகையவர் தம்முடைய பலம் எது, பலவீனம் எது என்று தாமே கண்டுகொள்வதற்காக எழுதப்பட்டது இவ்வழிமுறை. "நான் நல்ல தலைவனா?" என்று தனியே உட்கார்ந்து யோசித்தால் மனம் அன்றைய நிலைக்கு ஏற்ப ஏதாவது ஒன்றைச் சொல்லும். உங்களைச் சுற்றியிருப்பவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வந்தால்தான் உண்மையான காரணம் பிடிபடும்.

தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்ளும் வினாத்தாள்களை நான் பெரிதாக நம்புவதில்லை. 1999ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜஸ்டின் குரூகர், டேவிட் டன்னிங் ஆகிய இரு உளவியலாளர்கள் மாணவர்களின் இலக்கண அறிவையும் தர்க்க அறிவையும் நகைச்சுவை உணர்வையும் சோதித்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அச்சோதனைகளில் கடைசிக் கால் பகுதியில் வந்தவர்கள், தாங்கள் சராசரிக்கு மேல் வந்திருப்பதாகவே எண்ணியிருந்தார்கள். ஒரு துறையில் திறமை குறைவாக உள்ளவருக்கு அத்துறையில் தம் குறையைக் கண்டறியும் திறனும் குறைவாகவே இருக்கிறது என்று அவ்விருவரும் விளக்கம் கூறினார்கள். ஆகையால் ஆராய உட்காரும் முன் கூட்டக் குறிப்பேடு, வருகைப் பதிவு, கணக்குப் புத்தகம், செயலவையின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் கடந்த திருவிழாவிலிருந்து இன்றுவரை வந்துள்ள செய்திகள் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நினைவாற்றலை நம்ப வேண்டாம். அது நமக்குச் சாதகமாகவே சாட்சி சொல்லும்.

கீழே உள்ள அறிகுறிகளில் உங்கள் நிலைக்கு மிக நெருக்கமாக இருப்பதிலிருந்து தொடங்கலாம்.

அறிகுறி: கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டுகிறார்கள், ஆனால் வேலை நடப்பதில்லை

இந்நிலையில் பெரும்பாலான தலைவர்கள் "நம் ஆட்களுக்குப் பொறுப்பில்லை" என்ற முடிவுக்கு உடனே வந்துவிடுகிறார்கள். அதற்கு முன் கூட்டக் குறிப்பேட்டைத் திறந்து, கடைசி மூன்று கூட்டங்களின் தீர்மானங்களை வரிவரியாகப் படியுங்கள். ஒவ்வொரு தீர்மானத்திலும் ஒரு மனிதரின் பெயரும் ஒரு தேதியும் இருக்கின்றனவா என்பதை மட்டும் பாருங்கள்.

"கூடார வேலைகளை இளைஞர் பிரிவு கவனிக்கும்" என்று எழுதியிருந்தால் அது தீர்மானமே ஆகாது. இளைஞர் பிரிவு என்பது யாருடைய பெயரும் இல்லை. கவனிக்கும் என்ற சொல்லில் வாடகைக் கடைக்குத் தொலைபேசியில் பேசுவது அடங்குமா, முன்பணம் கட்டுவது அடங்குமா, வெள்ளிக்கிழமை மாலை லாரி வரும்போது அங்கே நிற்பது அடங்குமா என்பது கேட்டவர் யாருக்கும் தெரியாது. ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பியிருப்பார்கள். அந்த நம்பிக்கையில் பொறுப்பின்மை எதுவும் இல்லை. குறை தீர்மானத்தை வாசகமாக்கியவரிடம், அதாவது தலைமையிடத்தில் இருந்தவரிடம் உள்ளது.

பெயரும் தேதியும் இருந்தும் வேலை நடக்கவில்லை என்றால் அடுத்த சோதனைக்குச் செல்லுங்கள். அப்பெயருக்கு உரியவர் அன்றைய கூட்டத்திற்கு வந்திருந்தாரா? வந்திருந்தால், அவரே முன்வந்து ஏற்றுக்கொண்டாரா, அல்லது நீங்கள் அவர் பக்கம் கையைக் காட்டி "நீங்க பார்த்துக்குங்க" என்று சொன்னபோது மறுக்க முடியாமல் சிரித்தாரா? தோட்டத்தில் வளர்ந்த தலைமுறைக்குத் தலைமை என்பது முதன்முதலில் கண்ணில் பட்ட இடம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம். விடிவதற்கு முன் பெயர் கூப்பிட்டு, இன்னாருக்கு இன்ன நிரை என்று பிரித்துக் கொடுத்ததும் ஆட்கள் கலைந்து போவார்கள். அங்கே கேள்வி கேட்காமல் வேலை நடந்ததற்குக் காரணம் மண்டோரின் குரல் மட்டுமன்று. மாதக் கடைசியில் வரும் சம்பளமும் அதற்குக் காரணம். ஆலயச் செயலவையிலோ பெற்றோர் சங்கத்திலோ அந்தச் சம்பளம் இல்லை. பெரட்டு முறையை அப்படியே கொண்டு வந்து தொண்டூழியர்களிடம் பயன்படுத்துபவருக்கு வேலை பிரிக்கும் திறமை உண்மையிலேயே இருக்கும். சம்மதம் வாங்கும் பழக்கம் மட்டுமே இருக்காது. பலத்தையும் பலவீனத்தையும் தனித்தனியே குறித்துக்கொள்ள இது நல்ல இடம்.

சரிசெய்வதற்கு, அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு வேலையையும் அறிவித்தபின் வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். யாராவது ஏற்றுக்கொள்ளும்வரை அடுத்த அம்சத்திற்குப் போக வேண்டாம். அந்த மௌனம் சங்கடமாக இருக்கும், ஆனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒருவரும் முன்வராத வேலையை அந்த ஆண்டு விட்டுவிடலாம் என்று துணிந்து சொல்லிப் பாருங்கள். அப்போதுதான் எது உண்மையில் எல்லாருக்கும் வேண்டிய வேலை, எது உங்களுக்கு மட்டும் வேண்டிய வேலை என்பது தெரியவரும்.

அறிகுறி: நீங்கள் ஊரில் இல்லாதபோது எல்லாம் நின்றுவிடுகிறது

இதைப் பலர் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். "நான் ஒரு வாரம் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் போதும், இங்கே விளக்குப் போடக்கூட ஆள் இருக்காது" என்று சொல்பவரின் குரலில் வருத்தத்தைவிட மகிழ்ச்சியே அதிகமாக ஒலிக்கும்.

1930களின் இறுதியில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் ஒயிட் ஆகிய உளவியலாளர்கள் பத்து வயதுச் சிறுவர்களின் கைவேலைக் குழுக்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தி, அதன் முடிவுகளை 1939இல் வெளியிட்டார்கள். எல்லாவற்றையும் தாமே முடிவு செய்து ஆணையிடும் தலைவர், குழுவோடு கலந்து முடிவெடுக்கும் தலைவர், எதிலும் தலையிடாத தலைவர் என மூன்று வகையினரின் கீழ் அச்சிறுவர்கள் வேலை செய்தார்கள். ஆணையிடும் தலைவர் அறையில் இருக்கும்போது வேலை மும்முரமாக நடந்தது. அவர் வெளியே போனதும் வெகுவாகக் குறைந்தது. கலந்து முடிவெடுக்கும் தலைவர் வெளியேறியபோது வேலை ஏறக்குறைய அதே போக்கில் தொடர்ந்தது. தலையிடாத தலைவரிடம் பெரிய பயன் விளையவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதிகாரத்தைப் பகிர்வது என்பது கைகழுவிவிடுவது ஆகாது.

உங்கள் நிலையைச் சோதிக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, கடந்த வாரம் உங்களுக்கு வந்த தொலைபேசி அழைப்புகளையும் புலனச் செய்திகளையும் பார்த்து, அவற்றில் எத்தனை கேள்விகளுக்கு மற்றவரே விடை கண்டிருக்க முடியும் என்று எண்ணுங்கள். பூக்காரருக்கு எத்தனை மாலை சொல்வது, மினரல் தண்ணீர் எத்தனை பெட்டி வாங்குவது என்பவையெல்லாம் தலைவரிடம் வந்தால், ஒன்று நீங்கள் அதிகாரத்தைக் கொடுக்கவில்லை, அல்லது கொடுத்தபின் குறை கண்டுபிடித்துத் திரும்ப வாங்கிக்கொண்டீர்கள். இரண்டாவது, சாமான் அறைச் சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்று பாருங்கள். சாவி உங்கள் மோட்டார் சைக்கிள் சாவியோடு ஒரே வளையத்தில் தொங்கினால் மேலும் ஆராய்ச்சி தேவையில்லை.

துணைத் தலைவரிடம் மட்டும் சொல்லிவிட்டு, ஒரு சிறிய நிகழ்ச்சிக்கு, எடுத்துக்காட்டாக வெள்ளிக்கிழமை அன்னதானத்திற்கு, வேண்டுமென்றே போகாமல் இருங்கள். தொலைபேசியையும் எடுக்காதீர்கள். மறுநாள் எது நடந்தது, எது நடக்கவில்லை என்பதை விசாரிக்கும்போது, நடக்காதவற்றின் பட்டியலைவிட, நீங்கள் நினைத்துப் பார்க்காத வகையில் நடந்துமுடிந்தவற்றின் பட்டியலே அதிகம் கற்றுத்தரும். பின்னர், 200 வெள்ளி (ரிங்கிட்) வரையிலான செலவுகளைப் பிரிவுப் பொறுப்பாளர்களே முடிவு செய்யலாம் என்பது போன்ற ஒரு வரம்பைச் செயலவைத் தீர்மானமாகவே எழுதிவிடுங்கள். வாய்மொழியாகக் கொடுத்த அதிகாரம் முதல் கோபத்திலேயே திரும்பிப் போய்விடும்.

அறிகுறி: கூட்டத்தில் எதிர்ப்பே இல்லை, ஆனால் கோப்பிக் கடையில் பேச்சு வேறாக இருக்கிறது

இந்த அறிகுறி மற்ற எல்லாவற்றையும்விட அபாயமானது என்பது என் கருத்து. ஏனெனில் மற்ற பழுதுகளை உங்களுக்குச் சொல்லக்கூடிய வழியே இங்கு அடைபட்டிருக்கிறது.

ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்ஹாம் ஆகிய இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1955இல் உருவாக்கிய 'ஜோஹாரி சாளரம்' இதை எளிதாக விளக்குகிறது. ஒருவரைப் பற்றிய செய்திகளை அவர்கள் நான்கு கட்டங்களாகப் பிரித்தார்கள்: தமக்கும் பிறருக்கும் தெரிந்தவை, தமக்குத் தெரியாமல் பிறருக்குத் தெரிந்தவை, தமக்கு மட்டும் தெரிந்தவை, ஒருவருக்குமே தெரியாதவை. தலைமைப் பொறுப்பில் இருப்பவரின் பெரும்பாலான தொல்லைகள் இரண்டாவது கட்டத்தில் கிடக்கின்றன. அதே கட்டத்தில் பலங்களும் கிடக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வீட்டில் இழவு நேர்ந்தவர்களிடம் முதலில் போய் நிற்பவர் நீங்கள்தான் என்பதை ஊரே அறிந்திருக்கும். நீங்கள் அதை ஒரு தலைமைப் பண்பாகவே எண்ணியிருக்க மாட்டீர்கள்.

அந்தக் கட்டத்தைத் திறப்பதற்கு நேரடியாகக் கேட்பது நம் ஊரில் பலிக்காது. "தம்பி, எங்கிட்ட ஏதாவது குறை இருந்தா தயங்காம சொல்லுப்பா" என்று ஒரு தலைவர் கேட்டால், வயதில் இளையவர் என்ன சொல்வார்? "ஐயோ, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே, எல்லாம் நல்லாத்தான் போகுது" என்பார். அதைப் பொய் என்று சொல்ல முடியாது, அது மரியாதை. மரியாதையைத் தாண்டி வரும்படி அவரை வற்புறுத்துவதும் ஒருவகை ஆணையே.

கேள்வியை உங்கள் மீதிருந்து வேலையின் மீது திருப்புங்கள். "அடுத்த வருஷம் திருவிழாவை நீயே நடத்துறதா இருந்தா, இந்த வருஷம் நான் செஞ்சதுல எதை அப்படியே வச்சுக்குவ, எதை விட்டுடுவ?" என்று கேட்டால் பதில் வரும். அதிலும் முதல் பகுதியில் பலமும் இரண்டாம் பகுதியில் பலவீனமும் தாமாகவே பிரிந்து வரும். கேட்டவுடன் விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள்; நீங்கள் விளக்கம் சொன்னால் அவர் அடுத்த முறை வாய் திறக்க மாட்டார். நேரில் பேசத் தயங்குபவர்களுக்காகச் செயலாளரோ ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரோ பெயரில்லாத துண்டுத் தாள்களைச் சேகரித்து, கையெழுத்து தெரியாதபடி தொகுத்துக் கொடுக்கலாம். மகளிர் பிரிவினரிடம் தனியாகக் கேளுங்கள். சமையற்கட்டில் நின்று நூற்றுக்கணக்கானோருக்குச் சோறு பரிமாறுபவர்கள் கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் எந்த ஏற்பாடு எங்கே இடித்தது என்பது அவர்களுக்கு மிகத் துல்லியமாகத் தெரியும்.

கூட்டத்திற்குள் செய்ய வேண்டிய திருத்தம் ஒன்றே ஒன்று: எந்த அம்சத்திலும் தலைவர் கடைசியாகப் பேச வேண்டும். கடந்த ஓராண்டின் குறிப்பேட்டில் நீங்கள் முன்வைத்த திட்டங்களில் ஒன்றாவது மற்றவர் கருத்தால் மாற்றப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். ஒன்றுமே இல்லை என்றால், உங்கள் திட்டங்கள் அத்தனை சிறந்தவை என்று கருதுவதற்கு இடமில்லை.

அறிகுறி: இளையோர் வருவதில்லை, வந்தாலும் ஓராண்டில் நின்றுவிடுகிறார்கள்

முதலில் உங்களால் வராத காரணங்களை விலக்குங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாறியும் போனபின் பிள்ளைகள் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். ஊரில் இருப்பவர்களுக்கும் இரவுப் பணி இருக்கிறது. செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக் கூட்டத்திற்கு வராதவரை அக்கறையற்றவர் என்று கணக்கெழுதுவது நியாயமாகாது. நேரத்தை மாற்றிப் பார்த்தும் வரவில்லை என்றால் மட்டும் உங்கள் பக்கம் திரும்புங்கள்.

பால் ஹெர்சி, கென் பிளான்சார்ட் ஆகிய இரு நிருவாகவியல் அறிஞர்களும் 1969இல் முன்வைத்த சூழல்சார் தலைமைக் கோட்பாடு இங்குப் பயன்படுகிறது. வேலைக்குப் புதியவருக்கு விளக்கமான வழிகாட்டல் தேவை. வேலை தெரிந்து நம்பிக்கையும் பெற்றவருக்கு அந்த வழிகாட்டலே தொல்லையாகிவிடும் என்பது அதன் சாரம். நம் சங்கங்களில் இது தலைகீழாக நடப்பதை அடிக்கடி காணலாம். கணக்கியல் படித்த பெண்ணுக்கு ரசீது எழுதுவது எப்படி என்று பாடம் நடத்துகிறோம். முதன்முறையாக நிகழ்ச்சி நெறியாளராக நிற்கும் பதினெட்டு வயதுப் பையனிடம் ஒலிவாங்கியைக் கொடுத்து "பார்த்துப் பேசுப்பா" என்று விட்டுவிடுகிறோம். இளையோர் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே நீங்கள் கடைசியாகக் கொடுத்த வேலையை எழுதுங்கள். நாற்காலி அடுக்குவது என்பதே எல்லார் பெயருக்கும் எதிரே வந்தால், அவர்கள் ஏன் போனார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

அறிகுறி: கணக்கு தாமதமாகிறது, பணத்தைப் பற்றிக் கேள்விகள் எழுகின்றன

இங்கே இருவேறு பழுதுகள் ஒன்றுபோல் தோற்றமளிக்கும். 1955இல் ராபர்ட் காட்ஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் நிருவாகிக்குத் தேவையான திறன்களைத் தொழில்நுட்பத் திறன், மனிதரோடு பழகும் திறன், முழுமையாக நோக்கும் திறன் என மூன்றாக வகுத்தார். கணக்கு எழுதத் தெரியாதது முதல் வகைக் குறை. அதற்கு ஆள் வைக்கலாம். 1966ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்படி ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 60 நாள்களுக்குள் சங்கங்களின் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும் என்பதை அறிந்த ஒரு செயலாளரும், பொறுமையுள்ள ஒரு பொருளாளரும் கிடைத்தால் அக்குறை மறைந்துவிடும். இதை உங்கள் தலைமைப் பலவீனமாக எண்ணி வருந்துவது வீண்.

கணக்கு சரியாக இருந்தும் மக்கள் கேள்வி கேட்கிறார்கள் என்றால், அது இரண்டாம் வகைக் குறை. அதற்கு ஆள் வைக்க முடியாது. இதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்துகொண்டிருந்த காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களே பங்கு வாங்கித் தோட்டங்களைச் சொந்தமாக்கிக்கொள்வது என்பது திட்டம். அன்றாடக் கூலி பெறுபவரிடம் தவணை கட்டச் சொல்வது எளிதாக இருந்திருக்க முடியாது. அவர் அமைச்சராக இருந்த நிலையிலும் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களை நேரில் சந்தித்துப் பேசினார். 1979இல் அவர் மறைந்தபின்னும் அச்சங்கம் தொடர்ந்து இயங்கி வருகிறது. மேலே சொன்ன இரண்டாம் அறிகுறியோடு இதைச் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம். உங்கள் ஆலயக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதும் என்று கருதினால், தாமான் (வீடமைப்புப் பகுதி) வீடுகளுக்கு நேரில் போய் நன்கொடைப் பற்றுச்சீட்டைக் கொடுத்து இரண்டு வார்த்தை பேசிப் பாருங்கள். கேள்விகளின் தொனி மாறுகிறதா என்பதே சோதனை.

அறிகுறி: எந்தக் குறையும் தென்படவில்லை

எல்லாரும் பாராட்டுகிறார்கள், வேலைகளும் முடிகின்றன என்றால், எதிர்பார்ப்பே சிறியதாக வைக்கப்பட்டிருக்கலாம். நிருவாகவியல் அறிஞர் பீட்டர் டிரக்கர் இதற்கு ஒரு முறையைப் பரிந்துரைத்தார்: முக்கிய முடிவு ஒன்றை எடுக்கும்போதே அதனால் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறோம் என்பதை எழுதி வைத்து, ஒன்பது முதல் பன்னிரண்டு மாதங்கள் கழித்து நடந்ததோடு ஒப்பிட வேண்டும். ஒரு திருவிழாவுக்கும் அடுத்த திருவிழாவுக்கும் இடைப்பட்ட காலம் இதற்குப் பொருத்தமாக அமைகிறது. எழுதிய தாளை உறையிலிட்டுச் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். உங்களிடமே இருந்தால் திருத்தத் தோன்றும்.

பல அறிகுறிகள் ஒன்றாக இருந்தால்

கோப்பிக் கடைப் பேச்சை முதலில் சரிசெய்யுங்கள். உண்மை உங்கள் காதுக்கு வரத் தொடங்கினால்தான் மற்றச் சோதனைகளின் விடைகளை நம்ப முடியும். அதன்பின் தீர்மானங்களை எழுதும் முறை, அதன்பின் அதிகாரப் பகிர்வு என்ற வரிசையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் பலன் கிடைத்தது என்று தெரியாமல் போகும்.

இரண்டு திருவிழாக்கள் கடந்தும் அதே அறிகுறி நீடித்தால், பலம் இருக்கும் இடமும் பதவி இருக்கும் இடமும் வேறு வேறாக உள்ளன என்று கொள்ளலாம். கூட்டம் நடத்தத் தடுமாறும் ஒருவர் கட்டடக் குழுவுக்குப் பொறுப்பேற்றால் சிறந்து விளங்கக்கூடும். அப்படி மாறுவதென்றால் வேட்புமனுக்கள் வருவதற்கு முன்பே செயலவைக்குத் தெரிவித்துவிட்டு, சாவிகளையும் கோப்புகளையும் பட்டியலிட்டு ஒப்படையுங்கள். காசோலைக் கையொப்பதாரரை மாற்ற வங்கிக்குக் கூட்டத் தீர்மானத்தின் நகல் தேவைப்படும் என்பதால், அதைப் பொதுக்கூட்டம் கலைவதற்கு முன்பே எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுவது நல்லது.